தேனில் வந்த சதை

வெட்டிய சதையைச் சோதிக்கிற டாக்டர்களிடம் ஆயா வேலை பார்ப்பவளுக்கு மூக்கும் இருக்கக் கூடாது, வாயும் இருக்கக் கூடாது. என்னை மாதிரி பாட்டில் கழுவி, டீ ஊற்றிப் பிழைக்கிறவர்களுக்கு இது நான் சொல்லாமலே தெரியும்.

பாலும் பார்மலினும்

சதை கெடாமலிருக்க பார்மலின் என்று ஒரு மருந்துத் தண்ணீரில் போட்டு வைப்பார்கள். கண்ணைக் கரிக்கும். எத்தனை தேய்த்தாலும் அந்த நாற்றம் கையை விட்டுப் போகாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் பிள்ளைக்கு ஆறு மாதம். மத்தியானம் பால் கொடுக்கத் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்துவாள். பால் கட்டி, ரவிக்கை நனைந்து, அப்படியே திரும்ப வந்து பாட்டில் கழுவுவேன். கைக்கு ரப்பர் உறை ஒரு ஜோடி கிடைக்குமா என்று லேப்புக்குத் தலைவரான பெரிய சாரிடம் கேட்க, கதவுக்குப் பின்னால் ரொம்ப நேரம் நின்று தைரியம் வரவழைத்துக்கொண்டேன். அவர் மைக்ராஸ்கோப்பை விட்டுத் தலையைத் தூக்காமலே சொன்னார்: "புள்ளைக்குப் போகப் போகப் பழகிடும்மா."

கொழுந்தன் கொண்டுவந்தது

என் வீட்டுக்காரர் புதூர்நாட்டு மலைப் பக்கம் சாமை விதைக்கிறவர். அவருக்கு மூத்திரம் ரத்தமாகப் போக ஆரம்பித்தது. டவுன் டாக்டர் ஒருவர் மூத்திரப் பையிலிருந்து ஒரு துணுக்குச் சதையை எடுத்து, வெறும் பாட்டிலில் போட்டு, "பெரிய ஆஸ்பத்திரியில குடுத்துடு" என்று என் கொழுந்தன் கையில் கொடுத்துவிட்டார். மருந்துத் தண்ணீர் ஒரு சொட்டு ஊற்றவில்லை. அன்றைக்கு பஸ் தப்பிவிட்டது. விடிவதற்குள் அழுகிவிடுமே என்று பயந்து, விற்க வைத்திருந்த மலைத்தேனை அதில் ஊற்றிக் கொண்டுவந்திருக்கிறான்.

எங்கள் லேப்பில் பாட்டில் வாங்குகிற இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். வெறும் பாட்டிலில் கொடுத்தனுப்பிய டாக்டரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொழுந்தன்தான் பாவம், என்னையே பார்த்துக் கேட்டான்: "தேன்ல போட்டது எங்கனா கெட்டுப்போயி பாத்துகிறியா அண்ணி?"

கை தூக்கினவர்கள்

அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை. வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் நான் குடியிருக்கிற ரூமில் சுருண்டு கிடந்தார். கட்டி ஆழமாக வேர் விட்டிருந்தால் மூத்திரப் பையையே எடுத்துவிடுவார்கள், வயிற்றில் ஓட்டை போட்டு வெளியே பை கட்டிக்கொண்டு திரிய வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அப்படி ஒரு ஆள் மலையில் ஏர் பிடிக்க முடியுமா? தினமும் லேப் முனுசாமி அண்ணனைக் கேட்பேன். "சார் பாத்துனுகிறாரும்மா" என்பார்.

அந்த வாரம் பல ஊர் டாக்டர்களுக்கு அங்கே கிளாஸ். மூத்திரப் பைக் கட்டி, கிட்னிக் கட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சுவரில் படம் காட்டுவார்கள். டீ கெட்டிலோடு உள்ளே போனேன். "அடுத்தது தேன் கேஸ்" என்றார் பெரிய சார். ஒரே சிரிப்பு. பையை எடுக்க வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றதும் பாதிப் பேர் தூக்கினார்கள். என் புருஷனுடைய பை.

மெட்ராஸிலிருந்து பாடம் நடத்த வந்த டாக்டரம்மா கையைத் தூக்கவில்லை. "இந்தத் துண்டுல மேல்தோல் மட்டும்தான் இருக்கு. அடியில இருக்கிற தசையே வரல. வேர் எவ்வளவு ஆழம்னு இதை வச்சு யாரும் சொல்ல முடியாது. வேற துண்டு எடுக்கச் சொல்லணும்" என்றார். அதற்குப் பெரிய சார் சொன்னார்: "பாத்த அன்னிக்கே தெரியும் மேடம். கிளாஸுக்கு ஆகட்டுமேன்னு எடுத்து வச்சேன்."

டீ ஊற்றவில்லை

கெட்டிலைத் தரையில் வைத்தேன். அத்தனை பேர் நடுவில் நான் அதுவரை வாய் திறந்ததில்லை. "அது எங்க வூட்டுக்காரருங்க சார். அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே வேற துண்டு எடுத்திருக்கலாமே" என்றேன்.

"உன் வூட்டுக்காரர்னு முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?" என்றார் பெரிய சார். யாரோ ஒரு மலைக்காரன் என்றால் வைத்திருக்கலாமா என்று கேட்டேன். டாக்டரம்மா எழுந்து, "இன்னிக்கே அட்மிட் பண்ணுங்க" என்றார்.

புதுத் துண்டில் தசை இருந்தது. வேர் அதுவரை போகவில்லை. கட்டியைச் சுரண்டி எடுத்ததோடு விட்டார்கள், பை தப்பியது. சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் முனுசாமி அண்ணன் வந்து சொன்னார்: "ரெண்டு துண்டையும் சேத்து வருஷா வருஷம் கிளாஸுல காட்டப் போறாங்களாம்மா."

நான் நாலாவதோடு நின்றவள், வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாசலே மிதிக்காதவர், ஆக எங்கள் குடும்பத்தில் டாக்டருக்குப் படிக்கிறவர்களோடு கூட உட்காராமல் நேரே டாக்டர்களுக்கே பாடம் எடுக்கப் போனது அவருடைய சதை ஒன்றுதான்.