கடைசித் தோணி

குழுவாகத் துடுப்புப் போட்டுப் போகும்போது மெதுவானவர் முன்னால் போக வேண்டும். கடைசித் தோணியில் தெம்புள்ள ஆள் இருக்க வேண்டும். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தைத் தாண்டி யாரும் விலகக் கூடாது. எண்பதுகளின் நடுவில், எங்கள் அலுவலகத்து வெள்ள மீட்புப் பயிற்சிக்காக இந்தக் குறிப்பை எழுதியவன் நான். அது எல்லோருடைய மேசைக்கும் சுற்றி வந்தது. எல்லோரும் கையொப்பமிட்டார்கள். கையொப்பமிடுவதற்குப் படிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

ஐப்பசி மழையில் நிரம்பியிருந்த ஓர் ஏரி. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் வழியில் இருந்தது. கருவேல மரங்கள் கழுத்தளவு நீரில் நின்றன. தோணிகள் நான்கு, ஆளுக்கொரு துடுப்பாகத் தோணிக்கு இருவர். மெதுவானவர் யார் என்பதில் சந்தேகமில்லை. எங்கள் தட்டச்சர், ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர், மாடிப்படி ஏறினாலே இளைப்பு வாங்கும். அவரை முன்னால் விடலாம் என்றேன்.

"நான் அவரு பின்னால போறதா? கரையில ஜனங்க பார்த்தா இன்னாய்யா நினைப்பாங்க?" என்றார் மேலதிகாரி.

ஆகவே பதவி வரிசைப்படி புறப்பட்டோம். மேலதிகாரியின் தோணியில் இருப்பதிலேயே பலசாலியான இளைஞர். நான் இரண்டாவதில். கடைசியில் தட்டச்சரும் அலுவலகக் காவலாளியும். அவசரத்துக்கு ஊத ஒரு விசிலைத் தட்டச்சரின் கழுத்தில் மாட்டிவிட்டேன்.

ஏரி நடுவே ஒரு மண் திட்டு. முதல் மூன்று தோணிகளும் அங்கே ஒதுங்கின. வறுத்த மல்லாட்டைப் பொட்டலத்தைப் பிரித்து, கடலையைத் தின்று முடித்து, தோலை ஊதிக்கொண்டிருந்தபோது கடைசித் தோணி வந்தது.

"இன்னா சார், கோலியனூர்ல எறங்கி டீ குடிச்சிக்கினு வர்றீங்களா?" என்றான் ஒரு குமாஸ்தா.

தட்டச்சர் சிரித்தார். இருந்த கொஞ்ச மூச்சும் அந்தச் சிரிப்பில் போயிற்று. அவர் இறங்குவதற்குள் மேலதிகாரி எழுந்துவிட்டார். "எல்லாரும் வந்தாச்சில்ல? ஜல்தி கெளம்புங்க."

"ஐயா, அவரு கொஞ்சம் மூச்சு வாங்கட்டுங்க" என்றேன்.

"ஒக்காந்துக்கினுதானே வர்றாரு? இதுக்கு மேல இன்னா ரெஸ்ட்டு?"

"பரவால்ல சார், வந்துடறேன்" என்றார் தட்டச்சர்.

எல்லாக் குழுப் பயணத்திலும் இதுதான் நடக்கும். வேகமானவர்கள் ஓய்வெடுப்பார்கள். ஓய்வு தேவைப்பட்டவர் வந்து சேர்ந்ததும் கிளம்புவார்கள்.

திட்டைத் தாண்டிப் பாதி தூரத்தில் கிழக்கிலிருந்து காற்று எழுந்தது. கடைசித் தோணி கருவேலங்காட்டுப் பக்கம் ஒதுங்குவது தெரிந்தது. விசில் சத்தம் வரவில்லை. சமாளிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டோம்.

கரையில் சாப்பாடு தயாராக இருந்தது. "வருவாங்கய்யா" என்று மேலதிகாரி இலை முன்னால் உட்கார்ந்தார். நானும் அந்தக் குமாஸ்தாவும் ஒரு தோணியைத் திரும்ப நீரில் தள்ளினோம்.

தோணி கவிழ்ந்து கிடந்தது. காவலாளி ஒரு கையால் முள்கிளையைப் பற்றியிருந்தார். இன்னொரு கை தட்டச்சரின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தது. தட்டச்சரின் முகம் நீருக்கு மேலேதான் இருந்தது. மூச்சுதான் இல்லை.

"விசில் ஊதக் கூடாதாய்யா?" என்று கத்தினேன்.

"கேட்டேன் சார். 'குடுங்க, நான் ஊதறேன்'னேன். 'ஐயா முதுகுக்குப் பின்னால விசிலடிக்கறதாடா? நிறுத்தறதுக்கு அவரு இன்னா டவுன் பஸ்ஸா'ன்னாரு. அப்பவும் சிரிச்சிக்கினேதான் சொன்னாரு."

கவிழ்ந்த தோணியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். நால்வரும் மிக மெதுவாகத்தான் கரை சேர்ந்தோம்.

விசாரணையில் என்னைக் கேட்டது ஒரே கேள்வி. விசில் வழங்கப்பட்டதா? வழங்கப்பட்டது. அத்துடன் கோப்பு முடிந்தது.

காரியம் முடிந்து தட்டச்சரின் மனைவி அலுவலகத்துக்கு வந்தார். மேலதிகாரி வெளியூர் முகாமுக்குப் போயிருப்பதாகச் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். அந்த அம்மா நம்பவுமில்லை, மறுக்கவுமில்லை. என் மேசைக்கு எதிரே நின்றபடியே கேட்டார்.

"அவரு மெதுவாத்தான் வருவாருன்னு ஒங்க எல்லாருக்கும் தெரியுமே சார். ஒருத்தராவது திரும்பிப் பார்க்கலியா?"

"பார்த்தோம்மா" என்றேன்.