சந்தனம் வைத்த கார்டுகள்

இரண்டு பச்சை விளக்குகள் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தன. கம்ப்யூட்டர் பெட்டியின் பின்புறம், மேலே ஒன்று, கீழே ஒன்று. கணினி பார்க்கிறவனுக்கு அதைவிட நல்ல காட்சி கிடையாது. கேபிள் சரி, கார்டு சரி, எதிர்முனையும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அந்த விஜயதசமிக் காலையில், புதுச் சட்டையும் திருநீறுமாகத் தரையில் மண்டியிட்டு, நான் அந்த விளக்குகளை முறைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இணையம் மட்டும் வரவில்லை.

அது திருப்பூர் மங்கலம் சாலையில் ஒரு பனியன் கம்பெனி. நான் அங்கே சிஸ்டம் அட்மின். பெயர்தான் பெரிது. பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பக்கத்துக் கம்பெனி ஒன்றில் வைரஸ் புகுந்து கோப்புகளையெல்லாம் பூட்டிப்போட்ட செய்தி பரவியபோது, முதலாளி பயந்துபோய் ஃபயர்வால் வாங்க ஆள் பிடித்தார். நான்தான் வேண்டாம் என்றேன். ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைக் காட்டி, "இதுலயே செஞ்சு தர்றனுங்கய்யா, வாங்கறது தண்டம்" என்றேன். ஒரே மாதிரி இரண்டு நெட்வொர்க் கார்டுகளை வாங்கி உள்ளே செருகினேன். ஒன்றில் வெளியுலகத்துக் கேபிள், இன்னொன்றில் கம்பெனிக் கேபிள். நடுவே பெட்டி உட்கார்ந்து, வருவதையும் போவதையும் சோதிக்கும். மூன்று வருடம் முணுமுணுப்பு இல்லாமல் ஓடியது. வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் முதலாளி அதைக் காட்டி, "நம்ம தம்பி சொந்தமாச் செஞ்சதுங்க" என்பார். எனக்குத் தலைகால் புரியாது.

எங்கள் கம்பெனியில் தையல் மிஷின்களைப் பார்த்துக்கொண்டவர் ஒரு மெக்கானிக் அண்ணன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு நேராகக் கம்பெனிக்கு வந்து ஓவர்லாக் மிஷினுக்கு எண்ணெய் விடுகிறவர். ஆயுத பூஜை வந்தால் அவரைப் பிடிக்க முடியாது. இருநூறு மிஷினையும் தன் கையால் துடைப்பார். கம்ப்ரஷர் காற்றைக் குழாயில் பிடித்துச் சந்துபொந்தெல்லாம் அடித்துப் பஞ்சை விரட்டுவார். பிறகு சந்தனமும் குங்குமமும். பொட்டு அளவு பிசகாது. யாராவது "ஏனுங்ணா, நீங்க சர்ச்சுக்குப் போறவராச்சே" என்று சீண்டினால், "மிசினுக்கு என்னத்தப்பா மதம்? அது வருசம் முழுக்க சோறு போடுதுல்லா" என்பார்.

பூஜைக்கு முந்தைய நாள் மாலை அவர் எனக்குப் போன் செய்தார். நான் மனைவியோடும் மகளோடும் துணிக்கடைக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டிருந்தேன். "சார், ஒங்க பொட்டியத் தொறந்து காத்தடிக்கவா? உள்ள பூராம் பஞ்சால்லா கெடக்கு" என்றார். திருப்பூரில் கம்ப்யூட்டருக்கும் மூச்சு முட்டும். பனியன் துணியின் தூசி எதையும் விடுவதில்லை. மகள் ஒரு பாவாடையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். "அடிங்ணா. கார்டெல்லாம் கழட்டியே சுத்தம் பண்ணுங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனைப் பையில் போட்டேன். அரை நிமிடப் பேச்சு. அடுத்த நொடியே மறந்துபோனது.

விஜயதசமியன்று காலை நல்ல நேரம் பார்த்துக் கம்பெனி திறந்தோம். அன்று அனுப்பியே ஆகவேண்டிய சரக்கு ஒன்று இருந்தது. லாரி வாசலில் நின்றது. இரண்டு மணிக்குள் கிளம்பினால்தான் தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பலைப் பிடிக்க முடியும். தவறினால் விமானத்தில் அனுப்ப வேண்டும், அதுவும் நம் செலவில். திருப்பூரில் 'ஏர்ல போகுது' என்ற சொல்லைக் கேட்டாலே முதலாளிமார் முகம் வெளுக்கும். அட்டைப்பெட்டிகளில் ஒட்ட வேண்டிய லேபிள்களோ வெளிநாட்டு வாடிக்கையாளரின் இணையதளத்திலிருந்துதான் வரவேண்டும். அந்தத் தளம் எங்கள் கம்பெனியின் நிலையான இணைய முகவரியிலிருந்து வந்தால் மட்டுமே கதவைத் திறக்கும். போன் ஹாட்ஸ்பாட் எல்லாம் செல்லாது. பேக்கிங் பெண்கள் பூ வைத்துக்கொண்டு, புதுச்சேலையில், பெயரில்லாத பெட்டிகளுக்கு நடுவே சும்மா நின்றிருந்தார்கள்.

"தம்பி, லைன் வந்துச்சுங்களா?"

முதலாளி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தார். கோபப்படவில்லை. அந்தக் கோபமின்மைதான் என்னைக் கொன்றது. முதலில் மோடத்தை அணைத்துப் போட்டேன். கேபிளை மாற்றினேன். இணைப்பு தருகிற கம்பெனிக்கு அடித்தால், விடுமுறை என்று ஒரு பதிவுக்குரல் இனிமையாகச் சொன்னது. பெட்டியைத் திரும்பத் திரும்ப அணைத்து எழுப்பினேன். திரையில் இரண்டு கார்டுகளும் வரிசையாகத் தெரிந்தன: முதலாவது வெளியே, இரண்டாவது உள்ளே. நான் எழுதிவைத்த அமைப்பில் ஒரு எழுத்தும் மாறவில்லை. இரண்டு கேபிள்களையும் இடம் மாற்றிப் பார்த்தேன், வரவில்லை. பயந்து பழையபடி வைத்தேன். அமைப்பில் கார்டுகளின் வேலையை மாற்றி எழுதினேன், வரவில்லை. அதையும் பழையபடி ஆக்கினேன். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றியிருந்தால் அப்போதே முடிந்திருக்கும் கதை. பதற்றத்தில் இருப்பவன் ஒரு காலை எடுத்து வைத்தவுடன் பின்னுக்கு இழுத்துக்கொள்வான்.

மெக்கானிக் அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அங்கே வேலை இல்லை. ஒருமுறை, "சார், முந்தாநேத்து நான்..." என்று ஆரம்பித்தார். "அண்ணா, கொஞ்சம் சும்மா இருங்க" என்று எரிந்து விழுந்தேன். அவர் வெளியே போனார். பிறகு எனக்கு மோர் வாங்கிவந்து மேசை ஓரத்தில் வைத்தார். நான் அதைத் தொடவில்லை.

மணி பன்னிரண்டே முக்கால். செய்ய வேறொன்றும் இல்லாததால்தான் பெட்டியைக் கழற்றினேன். உள்ளே ஒரு துளிப் பஞ்சில்லை. புதுப்பாத்திரம் போல் பளபளத்தது. மின்விசிறிக்கு ஒரு பொட்டு, மதர்போர்டின் மூலையில் ஒரு பொட்டு. அப்புறம் கார்டுகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றின் நடுவிலும், காய்ந்த சந்தனத்தின் மேல், கடுகளவு குங்குமம். இரண்டு கார்டுகளுக்கும் நடுவே விரல் நுழைய இடமில்லை. செருகியபடியே அங்கே பொட்டு வைக்க எந்தக் கையாலும் முடியாது. வெளியே எடுத்து, பொட்டு வைத்து, திரும்பச் செருகியிருக்கிறார். துணிக்கடையும், மகள் இழுத்த பாவாடையும், நான் சொன்ன சொல்லும் அந்தக் கணத்தில் அப்படியே திரும்பி வந்தன.

நடந்தது இவ்வளவுதான். ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் பிறக்கும்போதே ஒரு எண் உண்டு. எங்களுக்கு இணைப்பு தந்தவர்கள், வெளிப்பக்கத்துக் கார்டின் எண்ணைப் பதிந்துகொண்டு, அந்த எண்ணுக்கு மட்டுமே கதவு திறந்தார்கள். என் பெட்டியோ எண்ணைப் பார்ப்பதில்லை. மேலே இருப்பது முதல் கார்டு, கீழே இருப்பது இரண்டாவது என்று இடத்தை வைத்துப் பெயர் சொல்லும். அப்படித்தான் நான் அமைத்திருந்தேன். அண்ணன் கார்டுகளை இடம் மாற்றிச் செருகியிருந்தார். பெட்டிக்கு வித்தியாசம் தெரியவில்லை. கதவு திறக்கிற இணைப்புக்காரர்களுக்குத் தெரிந்தது, விடவில்லை. ஒரே அட்டைப்பெட்டியில் ஜோடியாக வாங்கியவை அவை. எண்களில் கடைசி இலக்கம் மட்டும்தான் வேறு. காலையிலிருந்து அந்த எண் என் கண் முன்னால் திரையில் நின்றது. பழகிய எண்ணாகவே தெரிந்தது. எது எந்தக் கார்டு என்று ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கலாம். எண்ணை ஒரு நோட்டில் எழுதியிருக்கலாம். மூன்று வருடத்தில் இரண்டும் செய்யாதவன் நான்.

கார்டுகளை மாற்றிச் செருகினேன். ஐந்து நிமிடம் ஆகவில்லை. இணையம் வந்தது. பேக்கிங் பகுதியில் யாரோ கை தட்டினார்கள். லேபிள் பிரிண்டர் கடகடவென்று ஓடத் தொடங்கியது. நான் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினேன்.

முதலாளி அருகில் வந்து நின்றார். "என்னுங்க தம்பி ஆச்சு?" என்றார்.

"கார்டு எடம் மாறியிருந்துச்சுங்கய்யா" என்றேன். அதுவரைக்கும் உண்மைதான்.

"மூணு வருசமா மாறாதது இன்னைக்கு எப்படிங்க மாறுச்சு? ஆரு அதத் தொறந்தது?"

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'நான்தான் கழற்றச் சொன்னேன்' என்று சொல்ல மூன்று சொற்கள் போதும். சொன்னால் அடுத்த கேள்வி வரும்: ஏன் குறித்து வைக்கவில்லை? அதற்கடுத்தும் ஒரு கேள்வி வரும்: கடையில் வாங்கியிருந்தால் இப்படி ஆகியிருக்குமா? தம்பி சொந்தமாகச் செய்த பெட்டி, தம்பியின் பெருமை, தம்பியின் வேலை எல்லாம் அந்த மூன்று சொல்லில் தொங்கின. மெக்கானிக் அண்ணன் என்னைப் பார்ப்பதை என் கன்னத்தில் உணர்ந்தேன். தலையைத் திருப்பவில்லை.

"நாந்தான் மொதலாளி" என்றார் அவர். "பூசைக்குச் சுத்தம் பண்ணலாம்னு நானாத்தான் கழத்துனேன். மாத்திச் சொருவிட்டேன் போல."

"சார்கிட்டக் கேட்டீங்களா?"

"இல்ல மொதலாளி."

அப்போதும் ஒரு இடைவெளி இருந்தது. அதையும் நான் விட்டேன்.

எங்கள் ஊரில் கோபத்திலும் 'ங்க' போகாது. முதலாளி குரலை உயர்த்தவேயில்லை. "மிசின் பாக்கறவரு மிசினப் பாத்தாப் போதுமுங்க. நாளையிலிருந்து வர வேண்டாமுங்க" என்றார். ஒன்றேமுக்காலுக்கு லாரி கிளம்பியது. எல்லோரும் வாசலுக்குப் போய்ப் பார்த்தார்கள். நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன். வெளியே வந்தபோது அண்ணன் தன் ஸ்பேனர்களைத் துணியில் சுருட்டிக்கொண்டிருந்தார். "லாரி போயிட்டுல்லா சார், நல்லதாப் போச்சு" என்றார். குத்திக்காட்டும் தொனி தேடினேன். இல்லை.

முதலாளி மோசமான மனிதர் அல்ல. இரண்டு நாள் கழித்து ஆறியிருப்பார். நான் சொல்லியிருந்தால் அண்ணனைக் கூப்பிட்டனுப்பியிருப்பார். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு தீபாவளி முடியட்டும் என்று நினைத்தேன். தீபாவளிக்கு முன்னால் வேலை போனவர் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நினைக்காமலிருக்க நிறைய வேலை இழுத்துப்போட்டுச் செய்தேன். அனுப்பர்பாளையத்தில் என் வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒவ்வொரு காலையும் 'இன்று சொல்லிவிட வேண்டும்' என்று தோன்றும். கம்பெனி வாசல் வந்ததும் நேராகப் போய் என் மேசையில் உட்கார்ந்துவிடுவேன். கார்டுகளுக்கு மட்டும் மறுநாளே பெயர் எழுதி ஒட்டிவிட்டேன். எண்ணை வைத்தே பெட்டி அடையாளம் காணும்படியும் மாற்றினேன். அதில் நான் சுறுசுறுப்பு.

ஏழு வருடம் ஆயிற்று. இப்போது நான் தனியாகத் தொழில் செய்கிறேன். கம்பெனி கம்பெனியாகப் போய் ஃபயர்வால் மாட்டிக் கொடுப்பதுதான் பிழைப்பு. போன மாதம் தாராபுரம் போகும் வழியில் அவிநாசிபாளையத்தில் ஒரு பேக்கரியில் டீக்கு நிறுத்தினேன். "சார்வாள்!" என்று ஒரு குரல். மெக்கானிக் அண்ணன். முடி நரைத்திருந்தது, உடம்பு அப்படியே இருந்தது. பக்கத்தில் அவர் மனைவி. அவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

"ஏட்டி, இவுகதான் அந்தக் கம்ப்யூட்டர் சாரு" என்றார் அண்ணன். "கப்பலு போவப்போவுது, பொட்டி ஓட மாட்டங்குது, ஒத்த ஆளா உக்காந்து சரி பண்ணினாவன்னு சொல்லுவம்லா, அந்த சாரு."

"ஒங்களப் பத்திப் பேசாத நாளு கெடயாது சார்" என்றார் அந்த அம்மாள். "நெறைய படிச்சவுக, ஆனா நம்மள அண்ணான்னுதான் கூப்புடுவாகன்னு சொல்லுவாவ."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். ஏழு வருடமாக அவர் வீட்டில் நான் கதாநாயகன். இதற்கு மேல் தாங்காது, இன்றே முடித்துவிட வேண்டும் என்று தோன்றியது. அவர் மனைவி இருப்பதும் நல்லதுதான், கேட்க வேண்டியவர் அவரும்தானே. "அக்கா, அன்னைக்கு உண்மையில என்ன நடந்துச்சுன்னா..." என்று தொடங்கினேன்.

அண்ணன் என் முழங்கையைப் பிடித்தார். "சார், இங்கன வாங்க, நல்ல தேங்கா பன்னு இருக்கு" என்று கண்ணாடி அலமாரிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். பன்னைப் பார்த்துக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னார்: "வீட்டுல, நானா வேலைய விட்டுட்டேம்னுதான் சொல்லிருக்கேன் சார். நிப்பாட்டிட்டாவன்னு அவளுக்குத் தெரியாது. பிள்ளையளுக்கும் தெரியாது. நீங்க கழத்தச் சொன்னதுதான, எனக்குத் தெரியாதா? அது கெடக்கட்டும். இது இப்படியே இருக்கட்டும் சார்."

அவர் என்னிடம் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. கேட்டது இது ஒன்றுதான்.

திரும்பி வந்தோம். "என்னமோ சொல்ல வந்தியளே சார்?" என்றார் அந்த அம்மாள்.

"ஒண்ணுமில்லீங்க்கா" என்றேன். "அண்ணன் போனதுக்கப்பறம் எங்க கம்பெனியில மிசின் ஒண்ணுகூட ஒழுங்கா ஓடலைன்னு சொல்ல வந்தனுங்க."

அந்த அம்மாள் முகமெல்லாம் சிரிப்பாகக் கணவரைப் பார்த்தார். அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார், தலை நிமிராமல்.