மேவிஸ் காதால் வாங்கிய கருவி

புருஷன் வயலில் பழைய காசு தேடப் போனால் பெண்டாட்டி ஃபிளாஸ்க் தூக்கிக்கொண்டு பின்னால் போக வேண்டும் என்று இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் யார் சட்டம் போட்டார்களோ தெரியவில்லை. மேவிஸ் பல வருடம் தூக்கினாள். க்ளிஃப் மெட்டல் டிடெக்டரை வீசியபடி ராஜா மாதிரி நடப்பான். அவள் வேலியோரம் உட்கார்ந்து சீஸ் சாண்ட்விச்சுக்குக் காவல் இருப்பாள்.

அந்த அக்டோபரில் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஸ்பெயினுக்குப் போகச் சேர்த்த பணத்தில் தனக்கென ஒரு கருவி வாங்கப்போவதாகச் சொன்னாள்.

"என் பழசு சும்மாதானே கெடக்கு, எடுத்துக்கோயேன்."

"உன் பழைய சட்டையைப் போட்டுக்கிட்டா நான் வேலைக்குப் போறேன்?"

"சரி, எங்க போய்த் தேடப்போற? கொல்லன் வயலை நான் சல்லடை போட்டாச்சு. வெறும் ஆணி. வயல்காரர் கார்வுட் வேற திங்கக்கிழமை கோதுமை விதைக்கிறாராம். அப்புறம் அறுப்பு முடியற வரைக்கும் உள்ள கால் வைக்க விடமாட்டார்."

"ஞாயித்துக்கிழமை இருக்குல்ல? அன்னைக்கு நான் வெறுங்கையோட வந்தா, சாகுற வரைக்கும் உன் ஃபிளாஸ்கை நானே தூக்குறேன். வாயே திறக்கமாட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான் என்று இருபது வருடக் குடித்தனத்தில் க்ளிஃபுக்குத் தெரியும்.

சனிக்கிழமை ஒரு வாளியோடு கடைக்குப் போனாள். வாளியில் கொல்லன் வயல் மண், க்ளிஃப் தோண்டி எறிந்த துருப்பிடித்த ஆணிகள், அவற்றின் நடுவே கிறிஸ்துமஸ் புட்டிங்கில் போடும் குட்டி வெள்ளிக் காசு ஒன்று.

கடைக்காரன் நெவில் இருப்பதிலேயே விலை கூடியதை எடுத்து நீட்டினான். "இது எவ்வளவு ஆழம் பார்க்கும் தெரியுமாம்மா?"

"ஆழம் கெடக்கட்டும். எப்படிக் கத்தும்?"

"கத்தவே கத்தாது! இரும்புச் சத்தத்தை அமுக்கிட்டா காதுக்கு இதமா இருக்கும்." பொத்தானை அழுத்தி வாளிமேல் வீசினான். கருவி கப்சிப்.

"என் காசையும் சேர்த்து அமுக்கிட்டியேப்பா."

மேவிஸ் வேலை பார்ப்பது பள்ளிக்கூடச் சமையலறையில். அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கூச்சல் போடும் சாப்பாட்டுக் கூடத்தில், எந்த மூலையில் எந்தப் பிள்ளை நிஜமாக அழுகிறது என்று பரிமாறிக்கொண்டே சொல்லிவிடுவாள். ஒவ்வொரு கருவியாக, எதையும் அமுக்காமல், வாளிமேல் வீசிக் கேட்டாள். நுனியில் சின்னத் தட்டு வைத்த ஒன்று ஆணிகளின் கர்கர் நடுவே மெல்லிசாக 'கிண்' என்றது.

"அது கத்துக்குட்டிங்க வாங்குறதும்மா."

"நான் வேற யாராம்? பில் போடு."

ஞாயிறு காலை வயலில் இறங்கியதும் அவள் கருவி போட்ட கூச்சலில் க்ளிஃப் விழுந்து விழுந்து சிரித்தான். "கோழிப்பண்ணைக்குள்ள நரி புகுந்த மாதிரி இருக்கு!" மேவிஸ் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ஆமை வேகத்தில் நடந்தாள். மதியம்வரை ஒன்றுமில்லை. அவள் அசரவுமில்லை.

பழைய கொல்லுப்பட்டறை இருந்த மேட்டில், கூச்சலுக்குள்ளிருந்து அது கேட்டது. கிண். தோண்டினாள். ஆணி வந்தது.

"நான்தான் சொன்னேன்ல?" என்றான் க்ளிஃப்.

அவள் குழிமேல் மறுபடி வீசினாள். கிண். இன்னொரு ஆணி. அதை ஒட்டிய மண்கட்டியை உடைத்தாள். நகம்போல் மெல்லிய வெள்ளிக் காசு, குழந்தை வரைந்தது போன்ற ஒரு ராஜா முகத்தோடு, உள்ளங்கையில் வந்து விழுந்தது. சந்தோஷம் தாங்காமல் மண்ணில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

க்ளிஃப் குனிந்து காசைப் பார்த்தான். "இது மேலயே எத்தனை தடவை நடந்திருக்கேன்," என்றான். பிறகு வேலியோரம் போய் ஃபிளாஸ்கைத் திறந்து, மூடியில் தேநீரை ஊற்றி, சர்க்கரைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு குரல் கொடுத்தான்.

"மேவிஸ், உனக்குச் சர்க்கரை எத்தனை?"

பிறந்ததிலிருந்து மேவிஸ் தேநீரில் சர்க்கரை போட்டுக் குடித்ததில்லை.

"ஒண்ணும் வேணாம்," என்றாள், கண்ணைத் துடைத்தபடி. "ஆறிடப்போகுது, இங்க கொண்டா."