கடிகாரக்காரன் வெள்ளிக்கிழமை வருவான்

நாக்பூரில் வாழ்க்கைப்பட்டவர்கள் கோடை விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஆரஞ்சு பர்பி கொண்டுவருவார்கள். நான் ஒரு வருஷம் நான்கு வீடியோ கேசட்டுகள் கொண்டுவந்தேன். எங்கள் தெருமுனை கேசட் கடைக்காரர் கடையை மூடும்போது, வேண்டியதை அள்ளிக்கொண்டு போங்கள் என்று வாசலில் கொட்டிவைத்திருந்தார். அதில் ஒன்றின் அட்டையில், நீலப் போர்வை காற்றில் படபடக்க வானத்தில் நின்றுகொண்டிருந்தான் அவன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்று அந்தப் போர்வைக்குள்தான் நடந்தது.

அப்போது எனக்கு ஏழெட்டு வயது. பாளையம்பட்டியில் எங்கள் தெருவுக்கே ஒரே டிவி எங்கள் வீட்டில் இருந்தது. மொட்டைமாடி ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கமாகத் திருப்பினால் படம் புள்ளி புள்ளியாக வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தொடர். பகலெல்லாம் கைக்கடிகாரம் ரிப்பேர் பார்க்கிற ஒருவன், யாருக்காவது ஆபத்து என்றால் நீலப் போர்வையோடு பறந்து போவான். எதிரே தபால் ஆபீசில் வேலை பார்க்கும் பெண்ணுக்குப் பறக்கிறவன் மேல் உயிர். கடிகாரக்காரனை ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள். இரண்டும் ஒரே ஆள் என்பது தெருவுக்கே தெரியும், அவளுக்குத் தெரியாது.

இவ்வளவும் பார்த்தாலே விளங்கிவிடும். பேச்சுதான் விளங்காது. முழுக்க இந்தி. அங்கேதான் மாமா எழுந்து நின்றார்.

மாமா என் அம்மாவின் தம்பி. பரளச்சியில் மழையை நம்பியிருந்த புஞ்சை காலை வாரியதும் பம்பாய்க்குப் போனவர். அங்கே ஒரு மிட்டாய்க்கடையில் மூன்று வருஷம் இருந்துவிட்டு, கொண்டுபோன அதே தகரப்பெட்டியோடு திரும்பி வந்து, எங்கள் பலசரக்குக் கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். மிட்டாய்க்கடை முதலாளி தூத்துக்குடிக்காரர், கூட வேலை பார்த்தவர்கள் நம் பக்கத்து ஆட்கள், வாங்க வந்தவர்களும் பாதிப்பேர் தமிழர்கள் என்பதெல்லாம் பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது. அப்பாவுக்கு அவரைப் பற்றி ஒரே கருத்துதான்.

"பம்பாய் வரைக்கும் போயி வெயில் காஞ்சிட்டு வந்தவன். அந்த வெயிலு இங்க இல்லையாக்கும்?"

முதல் ஞாயிறு எதிர்வீட்டுப் பெரியம்மா கேட்டார்: "ஏய்யா பம்பாய்க்காரரே, வாயத் தொறந்து சொல்லுமய்யா. என்னங்கான் அவன்?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டிவி பக்கத்தில் போய் நின்றார். அன்றிலிருந்து அவன் வாயசைத்தால் மாமா பேசினார், அவள் வாயசைத்தால் மாமா குரலைக் கொஞ்சம் மெலிய வைத்துக்கொண்டு பேசினார். தெரு முழுக்க வாய் பிளந்து கேட்டது.

அத்தை மட்டும் உட்காரமாட்டாள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அடுப்படிக் கதவில் சாய்ந்தபடி பார்ப்பாள். தூறல் விழுந்தாலே திருவிழா என்கிற எங்கள் ஊரில் கம்பளி ஸ்வெட்டர் பின்னத் தெரிந்த ஒரே பெண் அவள்தான். பின்வீட்டில் குடியிருந்த வடநாட்டு மில் அதிகாரியின் மனைவியிடம், இரண்டு வருஷம் மத்தியானம் தோறும் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. அவர்கள் மாற்றலாகிப் போய்விட்டார்கள். பின்னிய ஸ்வெட்டர் யாருக்கும் உதவாமல் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. அந்த வருஷம் அத்தைக்குக் காரியாபட்டியில் ஓர் அரிசி மில் குடும்பத்தில் இடம் பார்த்திருந்தார்கள். வைகாசியில் பேசி முடிப்பதாக ஏற்பாடு.

அத்தையும் மாமாவும் முறைக்காரர்கள். அதனாலேயே நேருக்கு நேர் பேசமாட்டார்கள். அத்தைக்குக் கதையில் சந்தேகம் வந்தால் என் முதுகைச் சுரண்டுவாள்.

"ஏ கழுத, அந்தக் கடிகாரக்காரன் எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கான்னு கேளு."

"மாமா, அத்தை கேக்காக!"

மாமா திரையை விட்டுத் திரும்பாமல் சொல்வார்: "அந்தப் புள்ளைக்கு வேற எடத்துல பேசி முடிக்கப் போறாகளாம். இவன் எப்படித் தாங்குவான்?"

"பறக்கத் தெரிஞ்ச பயலுக்குப் பொண்ணு கேக்கத் தெரியலயாக்கும்!" என்பார் பெரியம்மா. தெரு சிரிக்கும். மாமாவின் காது மடல் சிவக்கும்.

ஒரு வாரம் பாதியில் கரண்ட் போய்விட்டது. திரை கறுத்துவிட்டது. மாமா நிறுத்தவில்லை. அவன் அவளிடம் இன்னது சொல்கிறான், அவள் அதற்கு ஒன்றும் பேசாமல் நிற்கிறாள், அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறான் என்று கரண்ட் வரும்வரை சொல்லிக்கொண்டே போனார். ஒருவரும் எழுந்து போகவில்லை. அதையும் நான் நம்பினேன். பம்பாய் போய் வந்தவருக்கு டிவி எதற்கு?

கடைசி வாரம் அந்தப் பெண் ரயிலேறினாள். அவன் பிளாட்பாரத்தில் நின்றான். ஜன்னல் வழியாக அவள் ஏதோ சொன்னாள்.

மாமா குரலை மெலிய வைத்துக்கொண்டார். "எங்க ஊருக்குப் போறேன், பெரியவுகளக் கூட்டிட்டு முறையா வந்து கேளுங்கன்னு சொல்லுதா."

என் முதுகில் நகம் பதிந்தது. "எப்ப வருவானாம்? கேளு."

"மாமா, எப்ப வருவானாம்? அத்தை கேக்காக!"

ரயில் போய், திரையில் வெறும் தண்டவாளம்தான் இருந்தது. மாமா அதையே பார்த்தபடி சொன்னார்: "வெள்ளிக்கிழமை."

நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முகம் கழுவி, பவுடர் போட்டு, டிவி முன்னால் சம்மணம் போட்டேன். அந்த நேரம் பார்த்துப் பரளச்சியிலிருந்து தாத்தாவும் பெரிய மாமாவும் வெற்றிலை, பழம், பூவோடு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து திரையை மறைத்து உட்கார்ந்தார்கள். மாமா வாசலிலேயே நின்றார். நான் விலகச் சொல்லி அழுதேன். யாரும் கவனிக்கவில்லை.

அப்பா தட்டைத் தொடவில்லை. தன் மாமனாரான தாத்தாவிடம் சொன்னார்: "மாமா, தப்பா நெனைக்காதீக. காரியாபட்டிக்காரவுகளுக்கு வாக்குக் குடுக்கப் போற நேரம். ஒங்க மகன் மூணு வருசம் பம்பாயில இருந்து என்னத்தக் கத்துக்கிட்டு வந்தாரு? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க பாப்போம்."

தாத்தா தட்டைப் பார்த்தார். பெரிய மாமா தாத்தாவைப் பார்த்தார். அப்போது அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"இந்தி நல்லாப் பேசுறாகண்ணே."

பெரியவர்கள் பேசும் இடத்தில் அத்தை அதுவரை வாய் திறந்ததே இல்லை. அப்பா திரும்பிக் கதவைப் பார்த்தார். பிறகு தட்டுக்குக் கை நீட்டினார்.

அம்மா என்னைத் தூக்கி ஓரத்தில் வைத்தாள். "அவன் இன்னும் வரலயே" என்று நான் விசும்பினேன். "வந்தாச்சு, போடி" என்றாள். திரையில் புள்ளிகள்தான் ஓடிக்கொண்டிருந்தன.

கேசட்டுகள் கொண்டுவந்த அந்தக் கோடையில், மாமா வீட்டு வீடியோ டெக்கில் அந்தத் தொடரின் முதல் கேசட்டைப் போட்டேன். மாமா கடையில் இருந்தார். நானும் என் ஐந்து வயது மகளும் அத்தையும்தான். முதல் காட்சியில் கடிகாரக்காரன் அந்தப் பெண்ணிடம் பேசினான். அந்த இடத்தில் மாமா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருந்தது: நீ வார வழியப் பாத்தே என் கண்ணு பூத்துப் போச்சு.

நான் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனேன். "அத்தை! ஒங்க கடிகாரம் மெதுவா ஓடுதுன்னுல்ல சொல்றான்! மாமா ஒரு வார்த்தைகூட நெசம் சொல்லல. நம்ம எல்லாரையும் ஏமாத்திருக்காரு!"

அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "மெதுவா இல்ல. வேகமா ஓடுதுங்கான். ஒழுங்காக் கேளு."

கேசட்டைப் பின்னால் சுற்றிப் போட்டுக் கேட்டேன். வேகமாகத்தான் ஓடியது.

டிரங்குப் பெட்டி ஸ்வெட்டர் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வடநாட்டு அம்மாவிடம் போய் உட்கார்ந்த இரண்டு வருஷ மத்தியானங்கள். "மாமாவுக்குத் தெரியுமா?" என்றேன்.

"எதுக்கு? பாவம், அம்புட்டுக் கஷ்டப்பட்டுச் சொன்னாக."

வாசலில் செருப்புச் சத்தம். சாப்பிட வந்த மாமா திரையைப் பார்த்தார். துண்டு தானாகத் தோளேறியது. என் மகள் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "தாயி, அந்தப் புள்ள என்ன சொல்லுதுன்னா..." என்று ஆரம்பித்தார்.

நாக்பூரில் பிறந்து வளர்ந்த என் மகள் திருத்துவதற்கு வாயைத் திறந்தாள். அத்தை எட்டி ஒரு சீனிமிட்டாயை எடுத்து அந்த வாயில் திணித்தாள். மாமா குரலை மெலிய வைத்துக்கொண்டு பேச, அத்தை வெங்காயத்தை மறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். என் மகள் மிட்டாயை மென்றபடி என்னையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்தி தெரிந்த மூன்று பேர் வாயை மூடிக்கொண்டு, தெரியாத ஒருவர் சொல்வதை ஏன் இப்படிக் கேட்கிறோம் என்று அவளுக்கு விளங்கவில்லை.