அண்ணாந்து பார்க்காத மெதீர்

மெதீர் ரொம்ப வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். மலைமேல் இருக்கிற ஊர்ப் பிள்ளைகளைக் காலையில் வால்ஸ் பட்டணத்துப் பள்ளியில் கொட்டிவிட்டுச் சாயங்காலம் அள்ளிக்கொண்டு வருவார். வேறு பெரிய சாதனை கிடையாது. அப்பா விட்டுப்போன திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. கல்யாணம் ஆயிற்று, பிள்ளை இல்லை. அதனாலோ என்னவோ, பஸ்ஸில் ஏறுகிற அத்தனை வாண்டுகளையும் தன் வீட்டுச் சொத்து மாதிரி அதட்டுவார். தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் ஒரு பார்வை போதும். கடைசி சீட்டில் எவன் எவள் சடையைக் கம்பியில் கட்டுகிறான் என்பது வரை தெரிந்துவிடும். “அவுத்து விடுடா” என்பார், திரும்பாமலே.

போன திராட்சை அறுவடைக்குப் பிறகு அந்தக் கண்ணாடியை அவர் பார்ப்பதில்லை.

கொட்டகைப் பரணில் காலிக் கூடையை ஏற்ற அண்ணாந்தபோதுதான் முதல் தடவை அது வந்தது. கூரை ராட்டினம் மாதிரிச் சுற்றிற்று. குனிந்து உட்கார்ந்த பிறகுதான் நின்றது. அடுத்த தடவை பஸ்ஸில், கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தபோது. நல்லவேளை, வண்டி நின்றுகொண்டிருந்தது. அண்ணாந்தால் சுற்றுகிறது, இல்லாவிட்டால் இல்லை. அப்படியானால் அண்ணாக்காமல் இருந்தால் போயிற்று என்று முடிவு கட்டிவிட்டார். டாக்டரிடம் போனால் ஓட்டாதே என்பார். பஸ் முதலாளி சதுர்னி சாவியை வாங்கிக்கொள்வார். அப்புறம் காலையில் எழுந்து எங்கே போவது? மனைவி ரெமெயிடம்கூட மூச்சு விடவில்லை.

கண்ணாடிக்குக் கண் போய்விட்டது என்பது பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் புரிந்துவிட்டது. பின்சீட்டில் தினமும் திருவிழாதான். மெதீர் சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், உள்ளங்கை வேர்க்க வேர்க்க, வளைவுகளில் ஊர்ந்து இறங்குவார். படுத்துக் கண்ணை மூடினாலும் அதே வளைவுகள்தான் வரும்.

இந்த லட்சணத்தில் கல்சோத் காலம் வந்து சேர்ந்தது.

மண் அணைத்து அணைத்து வெள்ளைத் தண்டு நீள வளர்த்த வெங்காயம்தான் கல்சோத். அதைத் திராட்சைச் சுள்ளி நெருப்பில் வெளியெல்லாம் கரியாகச் சுட்டு, தோலை உருவி, பாதாம் துவையலில் முக்கி, கையை உயரத் தூக்கி, வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்து உள்ளே இறக்க வேண்டும். குனிந்து தின்ன வழியே இல்லை. மது ஊற்றிக்கொள்கிற மூக்குக் கூஜாவும் அப்படித்தான், அண்ணாந்தே ஆக வேண்டும். போகாமல் இருந்துவிடலாம். ஆனால் மெதீர் கல்சோத் விருந்துக்கு வரவில்லை என்றால் ஊரே உடம்புக்கு என்ன என்று கேட்கும். சதுர்னி எல்லாருக்கும் முந்திக் கேட்பார். ஒரு வளைவில் பஸ் மட்கார்டு சுவரில் உரசிய நாளிலிருந்தே அவர் இவரைப் பார்க்கிற பார்வை சரியில்லை.

மெதீர் யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். நெருப்புப் பார்க்கிறவன் குனிந்துதானே நிற்பான்!

ஞாயிற்றுக்கிழமை, சதுர்னியின் பாதாம் தோப்பு. மரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது என்று மற்றவர்கள் சொன்னார்கள். மெதீர் பார்க்கவில்லை.

“இந்தத் தடவ நெருப்பு நான் பாத்துக்கறேன்” என்று இடுக்கியைப் பிடுங்கிக்கொண்டார்.

“யாரு, நீயா?” என்றார் சதுர்னி. “இத்தன வருஷம் குந்தித் தின்னதத் தவிர என்ன வேல பாத்திருக்க? உடம்புக்கு ஏதும் பண்ணுதா?”

“விடுங்கண்ணே. பஸ்தான் கட்டவண்டி மாதிரி ஓடுது, நெருப்பாவது சுருக்கா ஓடட்டும்” என்றாள் தெக்லா. சுகாதார நிலையத்து நர்ஸ். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் மெதீர் பஸ்ஸில்தான் போய் வருகிறார்கள்.

எல்லாரும் சிரித்தார்கள். மெதீர் சுள்ளியை அடுக்கினார், பற்றவைத்தார், புரட்டினார். முகம் வெந்தது, மனசு குளிர்ந்தது. வெந்ததைச் செய்தித்தாளில் சுற்றிப் புழுங்க வைத்து, கூரை ஓட்டில் அடுக்கிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். ஒருத்தரும் தொடவில்லை. கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்தார்கள்.

அப்போதுதான் உறைத்தது. நெருப்புப் போட்டவர் முதல் கல்சோத்தை எல்லார் முன்னாலும் தின்று, வெந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பந்தி. வருஷா வருஷம் மேஜையைத் தட்டித் தாளம் போட்டவர் இவரே. ஒளிந்துகொள்ள இடம் தேடி, நடுச்சந்தியில் வந்து நின்றிருக்கிறார்.

“வெந்துருச்சு. நான் பாத்துட்டேன். சாப்பிடுங்க.”

“கண்ணால பாத்தா ஆச்சா? வாயத் தெறய்யா!” என்றது கூட்டம்.

மேஜையில் தாளம் தொடங்கிவிட்டது. மெதீர் ஒன்றை உரித்தார். துவையலில் முக்கி எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டால் சுற்றாதோ என்னவோ! மூடினார், கையைத் தூக்கினார், தலையைச் சாய்த்தார். மூடிய கண்ணுக்குள்ளும் சுற்றிற்று. பயந்துபோய்க் கண்ணைத் திறந்தால் பாதாம் பூவெல்லாம் வெள்ளைச் சுழலாக வந்து மேலே விழுந்தது. மேஜையைப் பிடித்தார். துவையல் கிண்ணமும் அவருமாகத் தரையில் விழுந்தார்கள்.

கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

“இன்னொரு தடவ! இன்னொரு தடவ விழு மெதீர்!”

தப்பித்தாயிற்று. எழுந்து ஒரு கும்பிடு போட்டால் போதும், கோமாளித்தனத்தில் முடிந்துவிடும். ரெமெய் மட்டும் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழப்போனார். அதற்குள் தெக்லாவின் பிள்ளைகள் அவரைப் போலவே தலையை அண்ணாத்தி, கண்ணை உருட்டி, ஒருத்தர்மேல் ஒருத்தர் புல்லில் விழுந்து காட்டினார்கள். விழுந்தவர்கள் சிரித்துக்கொண்டே அசையாமல் கிடந்தார்கள்.

மெதீருக்கு மலை வளைவுகள்தான் கண்ணில் வந்தன.

“வேடிக்க காட்டல” என்றார் தரையில் இருந்தபடியே. “அண்ணாந்தா தல சுத்துது. நாளைக்கு வண்டிக்கு வேற ஆளு பாத்துக்கங்க.”

சிரிப்பு நின்றது.

“எப்பலேர்ந்து?” என்றாள் தெக்லா.

“அறுவடைக்கு அப்புறம்.”

“என் ரெண்டு புள்ளைங்களையும் வச்சுக்கிட்டு... அந்த மலையில...” தெக்லா எழுந்து வந்தாள். அறையப்போகிறாள் என்று நினைத்து மெதீர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் கையால் அவர் மோவாயைப் பிடித்துக் கண்களை உற்றுப் பார்த்தாள்.

“காதுக்குள்ள கோளாறா இருக்கலாம். அப்படின்னா தலைய அங்கயும் இங்கயும் திருப்பியே சரி பண்ணிடுவாங்க. வேற எதுவாவும் இருக்கலாம். காலைல வாங்க. நடந்து வரணும்.”

“சரியாயிட்டா மறுபடி வண்டி...”

“அது அப்புறம். என் புள்ளைங்கள ஏத்தறதான்னு நான் யோசிக்கணும்.”

சதுர்னி கையை நீட்டினார். மெதீர் இடுப்பில் தடவிச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

ரெமெய் அவரைத் தூக்கி உட்காரவைத்தாள். ஒரு கல்சோத்தை உரித்து, துண்டு துண்டாக நறுக்கித் தட்டில் போட்டு, முள்கரண்டியோடு முன்னால் வைத்தாள். இந்தப் பக்கத்தில் ஒருத்தன் இதைத் தட்டும் முள்ளுமாகத் தின்றால் சாகிற வரைக்கும் கேலியை விடமாட்டார்கள். மெதீர் குனிந்து ஒரு துண்டைத் தின்றார். கேலிக்காகக் காத்திருந்தார். இன்னொரு துண்டையும் தின்றார். மேஜையில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

“யாராவது ஏதாவது சொல்லுங்கய்யா” என்றார்.