பாதி மாத்திரை

ஆரணியில் எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் காதில் பென்சில் செருகியிருப்பார். யாருக்கு என்று கேட்காமல் எதையும் தரமாட்டார்.

பேதியானால், காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்யும் தறிக்குழியை விட்டு அடிக்கடி எழாமலிருக்க நாங்கள் மாத்திரை போட்டு நிறுத்திக்கொள்வோம். பிள்ளைகளே, உங்கள் அக்காவுக்கு ஒரு வயதில் பேதியானபோதும் அதையே வாங்கப் போனேன்.

“யாருக்குங்க?”

“கொழந்தைக்கு. காலையிலே பாதி குடுத்தேன், இன்னும் நிக்கல.”

அவர் முகம் மாறியது. “அது பெரியவங்களுக்குங்க. கொழந்தைக்குக் குடுத்தா குடல் அசையாம நின்னுபூடும், மூச்சும் அடங்கிடும். தூங்கிகினே இருக்குதா?”

“ஆமாங்க.”

கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு, என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அக்காவை வாரியெடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அவள் கண் திறக்க மறுநாள் ஆனது.

அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் செய்த தப்பின் உறுத்தல் அன்றோடு தீர்ந்திருக்கும். ஏன் திட்டவில்லை என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.