நாய் கடித்த சீசன்

ஐந்தருவியில் அப்பா பழக்கடை போட்டிருந்த காலம். சாரல் விழுந்து சீசன் சூடுபிடித்திருந்தது. கடைகளுக்குப் பின்னால் திரிந்த செவலை நாய் ஒன்று ஒரு நாள் காரணமே இல்லாமல் என் கெண்டைக்காலைக் கவ்வியது. என்னோடு சொட்டாங்கல் ஆடிக்கொண்டிருந்த செல்லி அதை விரட்ட வந்தாள். அவள் கையிலும் பல்லைப் பதித்துவிட்டு ஓடியது. செல்லியின் அம்மா மலையிலிருந்து தேன் இறக்கி வந்து எங்கள் கடைக்குக் கொடுப்பவள். மகள் காயத்தில் பச்சிலையை அரைத்து அப்பிவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு மலையேறிவிட்டாள்.

சாயங்காலம் அந்த நாய் நுரைதள்ளிச் செத்துக் கிடந்தது. சேதி கேட்டதும் அம்மா என்னை மடியில் போட்டுக்கொண்டு அழத் தொடங்கினாள். கடையத்தில் மந்திரித்துக் கயிறு கட்டுகிறவர் ராசிக்காரர் என்றார் ஒருவர். அப்பா சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனார். விடிந்ததும் சைக்கிள் பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்காரவைத்து, தென்காசி ஆஸ்பத்திரிக்கு மிதித்தார்.

டாக்டரம்மா காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே, "வேற யாரையும் கடிச்சிச்சா?" என்று கேட்டார். அப்பா செல்லியைப் பற்றிச் சொன்னார். மருந்து கையிருப்பில் இல்லை. தந்தியடித்தால் ரயிலில் வரும். இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்தே தந்தி கொடுக்கச் சொன்ன டாக்டரம்மா, "மருந்து வர்றதுக்குள்ள அந்தப் பிள்ளை இங்க இருக்கணும்" என்றார்.

"சீசன் நேரத்துல எவனாவது கடையைப் பூட்டுவானாலே?" என்று பக்கத்துக் கடைக்காரர் தலையிலடித்துக்கொண்டார். அப்பா மழையில் வழுக்கும் பாதையில் ஏறிப்போய்த் தேன்காரம்மாவின் குடிசை முன்னால் நின்றாராம். காயந்தான் ஆறிவருகிறதே என்றிருக்கிறாள் அவள். பிறகு, மெல்ல, "எங்களுக்கெல்லாம் ஊசி போடுவாவளா அண்ணாச்சி?"

"எம் பிள்ளைக்கும் ஒம் பிள்ளைக்கும்னு சொல்லித்தான் வரவழைக்காவ தாயி. ஏன் போடாம?"

அவர்கள் இறங்கி வந்து எங்கள் கடையிலேயே தங்கினார்கள். அப்பா ரயிலடியில் காத்துக் கிடந்து, மரத்தூளும் ஐஸும் அடைத்த பெட்டி இறங்கியதும் கூடவே ஆஸ்பத்திரிக்கு வந்தார். எங்கோ யாரோ அந்த மருந்தைச் செய்திருந்தார்கள். யாரோ ஐஸ் வைத்துக் கட்டி ஏற்றியிருந்தார்கள். நடுவில் ஒருவர் அசந்திருந்தாலும் இதை எழுத நான் இருந்திருக்கமாட்டேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் ஊசி நீளமானது, தொப்புளைச் சுற்றிப் போடுவார்கள் என்பதுதான்.

நான் கத்திய கத்தலில், மலைப்பாறையெல்லாம் தாவுகிற செல்லி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி ஓடிவிட்டாள். அப்பா வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றித் துரத்த, நோயாளிகளெல்லாம் வலியை மறந்து சிரித்தார்கள். பிடித்து வந்ததும் என் கையை அவள் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

அப்புறம் தினமும் சவாரிதான். ஒரு நாள் நான் முன்பாரில், செல்லி கேரியரில், மறுநாள் மாற்றி. ஞாயிற்றுக்கிழமையும் ஆஸ்பத்திரி திறந்திருந்தது, டாக்டரம்மாவும் இருந்தார். வயிறு கன்றிப்போய்க் குப்புறப்படுக்க முடியாமல், நாங்கள் இருவரும் ஒரே தலையணையில் மல்லாந்து கிடப்போம். எங்கள் அம்மாக்கள் ஆளுக்கொரு வயிற்றில் ஒத்தடம் கொடுப்பார்கள்.

கடைசி ஊசியன்று டாக்டரம்மா எங்கள் கன்னத்தைத் தட்டி, "போங்க, இனிமே பயமில்ல" என்றார். கூடவே வந்திருந்த தேன்காரம்மா வராந்தாவில் அப்படியே குந்தி, முந்தானையை வாயில் வைத்து அழுதாள். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

நானும் செல்லியும் ஓவென்று அழுதோம். நாளையிலிருந்து சைக்கிளில் தென்காசி போக முடியாதே என்ற துக்கம் எங்களுக்கு. பெரியவர்களும் அதற்காகத்தான் அழுகிறார்கள் என்று நம்பினேன். அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்து ஆறுதல் சொன்னேன்:

"அழாதப்பா. அடுத்த சீசனுக்கும் நாய் கடிக்கும்."